மிருக வைத்தியரின் இரவுக் கட்டணம் பற்றி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு கடிதம் வந்திருந்தது. திருகோணமலையில் இரவு நேரம் நாயைக் காட்டப் போனால் ஆறாயிரம் ரூபா கேட்கிறார்கள், மனுசருக்கே பெரியாஸ்பத்திரியில் இலவசம், நாய்க்கு இவ்வளவு காசா, இது பகல்கொள்ளை என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு இரவு நின்றிருக்கிறார். நான் ஒன்பது வருடமாக நிற்கிறேன். நான் கண்டதையும் எழுத வேண்டும் என்று பட்டது.

நான் உப்புவெளியில் ஆட்டோ ஓட்டுபவன். பகலில் நிலாவெளிக்கும் கோணேசர் கோயிலுக்கும் ஆட்களை ஏற்றுவேன். இரவு பத்து மணிக்குப் பிறகு வருகிற அழைப்பில் பாதி நாய், பூனை, ஆட்டுக்குட்டிக்குத்தான். டவுனில் மூன்று மிருக வைத்தியர்கள் சேர்ந்து ஒரு பழைய வீட்டின் முன்பக்கத்தில் வைத்தியசாலை நடத்துகிறார்கள். முறை போட்டு ஒவ்வோர் இரவும் ஒருவர் அங்கேயே படுப்பார். மாடு ஆட்டோவில் ஏறாது. ஆகவே மாட்டுக்கு என்றால் டொக்டர் என் ஆட்டோவில் ஏறுவார். அப்படித்தான் பழக்கம் வந்தது. பெயர் போட வேண்டாம் என்று மூவரும் சொன்னதால் ஒருவருடைய பெயரும் எழுதவில்லை.

பெரிய டொக்டர் வெருகல் பக்கத்து ஆள். தகப்பனுக்குப் பட்டி மாடு, அறுபதுக்கு மேல் இருந்ததாம். 2006ஆம் ஆண்டு மாவிலாற்றுப் பிரச்சினையில் சண்டை தொடங்கிச் சனம் வாகரைப் பக்கம் ஓடியபோது இவருக்கு வயது பதினெட்டு, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோரும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிவிட்டார்கள். தகப்பன் மட்டும் திரும்பப் போய்ப் பட்டியின் கடப்பைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் தட்டி, "போங்கடா, போய்ப் பிழையுங்கடா" என்று சொன்னாராம். அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பியபோது தங்கள் குறி சுட்ட மாடு பதினொன்றுதான் கிடைத்தது. இதை அவர் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார், தம்பலகாமத்தில் இருந்து திரும்பி வருகிற வழியில். நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அகதி முகாமில் இருந்து இரண்டாம் தடவை பரீட்சை எழுதித்தான் பேராதனைக்குப் போனார். நம் நாட்டில் மிருக வைத்தியப் பட்டம் படிக்க அந்த ஒரு பல்கலைக்கழகம்தான் இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படித்து, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இஸட் புள்ளி போதுமானவர்கள்தான் உள்ளே போகலாம். படிப்பு முழுவதும் இங்கிலீசில். முதல் வருடம் விரிவுரையில் காதில் விழுந்த இங்கிலீசுச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து, இரவில் அறைத் தோழனிடம் கேட்டு அர்த்தம் எழுதினாராம். அந்தக் கொப்பி இன்னும் வைத்தியசாலை அலுமாரியில் இருக்கிறது. பட்டம் பெற்றாலும் போதாது, 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி மிருக வைத்திய சபையில் பதிவு செய்த பிறகுதான் வைத்தியம் பார்க்கலாம். "யாரோ வந்து ஊசி போடுகிறார்கள்" என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருந்ததால் இதைச் சொல்கிறேன்.

அவரோடு போன ஒரு இரவைச் சொல்கிறேன். மார்கழி மாதம், பெரும்போகத்துக்கு உரம் போடுகிற நேரம். தம்பலகாமத்தில் ஒரு அம்மாவின் இரண்டு பசுக்கள் கிழிந்த யூரியா மூட்டையில் வாய் வைத்துவிட்டன. பதினொன்றரைக்கு அழைப்பு வந்தது. டொக்டர் சேட்டு மாட்டிக்கொண்டே ஃபோனில் கேட்கிறார், "எப்ப தின்டது? நடுங்குதா? வாயில நுரை வருதா?" பிறகு, "வீட்டில வினாகிரி இருக்கா? இருக்கிறதைக் குளிர் தண்ணியில கலந்து இப்பவே பருக்கத் தொடங்குங்க, தலையை மேல தூக்கிப் பிடிக்காதீங்க, சுவாசத்துக்குள்ள போயிரும்." அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணன், எந்தக் கடையைத் தட்டலாம்?"

மடத்தடிச் சந்திப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரின் பின்கதவைத் தட்டி இருந்த வினாகிரி ஏழு போத்தலையும் வாங்கினோம். யூரியா வயிற்றுக்குள் போனால் அமோனியாவாக மாறி இரத்தத்தில் ஏறுமாம். வினாகிரியின் புளிப்பும் குளிர் தண்ணீரும் அதைத் தடுக்கும். அரைமணி, ஒரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால்தான் ஃபோனிலேயே வைத்தியத்தைத் தொடங்கினார். சீனக்குடா தாண்டி நான் ஓட்டிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். போய்ச் சேர்ந்தபோது ஒரு மாடு கால் நீட்டிக் கிடந்தது. முடிந்துவிட்டது. மற்றதின் இடப்பக்க வயிறு மேளம் போல ஊதியிருந்தது. டொக்டர் விலா எலும்புக்குப் பின்னால் விரலால் அளந்து பார்த்து, குழாய் வைத்த ஊசியைக் குத்தினார். காற்றுச் சீறிக்கொண்டு வந்தது. அந்த மணம் என் சேட்டில் இரண்டு நாள் இருந்தது. அதன்பிறகு போத்தல் போத்தலாக வினாகிரி, வாளி வாளியாகத் தண்ணீர். நாலு மணி இருக்கும், மாடு முன்னங்கால் இரண்டையும் ஊன்றி எழும்பியது. அந்த அம்மா செத்த மாட்டின் பக்கத்தில் இருந்து அழுதபடியே எழும்பிய மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று டொக்டர் வாங்கியது வினாகிரிக் காசும் என் கூலியும். மற்றது கொப்பியில் ஏறியது. மேசை லாச்சிக்குள் ஒரு கணக்குக் கொப்பி இருக்கிறது. "வெள்ளச்சி, தம்பலகாமம், 4,200" என்று மாட்டின் பெயரைப் போட்டுத்தான் எழுதுவார்கள், சொந்தக்காரர் பெயரைப் போட்டால் அவருக்கு வெட்கமாக இருக்குமாம். பால் விற்றுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தவர்களும் உண்டு, இன்றுவரை கொடுக்காதவர்களும் உண்டு. அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு ஒருவருடைய வீட்டுப் படலைக்குப் போனதை நான் கண்டதில்லை.

இரண்டாமவரை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். கிண்ணியா. தகப்பன் கொட்டியாரக் குடாவில் மீன்பிடித்தவர். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன் இவர் பாதையில், அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றுகிற மிதவையில், ஏறித்தான் டவுனுக்குப் படிக்க வருவார், கடைசிப் பாதையை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் பாடம் முடிய முன்னமே எழும்பி ஓடுவாராம். கம்பஸ் கிடைத்தபோது உறவினர்கள், "பொம்பிளைப் பிள்ளை மாட்டு டொக்டருக்கா?" என்று கேட்டார்கள். தகப்பன்தான், "கடலுக்குள்ள போற எனக்கே வாப்பா தடை சொல்லல்ல, நான் ஏன் இவளத் தடுக்கணும்?" என்று அனுப்பிவைத்தார். நாயைத் தொடலாமா என்று இப்போதும் அவரிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கோபப்பட மாட்டார். கழுவுவதற்கு மார்க்கத்தில் முறை இருக்கிறது, கழுவிவிட்டுத் தொழுகிறேன் என்பார்.

குச்சவெளிப் பக்கம் ஒரு தலைஈத்துப் பசு. கன்றின் முன்கால் இரண்டும் வெளியே தெரிகிறது, தலை வரவில்லை. வீட்டுக்காரப் பெரியவர் மிஸ்ஸைக் கண்டதும் என் பக்கம் திரும்பி, "ஆம்பிளை டொக்டர் வரல்லையா?" என்று கேட்டார். மிஸ் ஒன்றும் பேசவில்லை. மணிக்கூட்டையும் கல்யாண மோதிரத்தையும் கழற்றி, "அண்ணன், இத வெச்சிருங்க" என்று என் சேட்டுப் பையில் போட்டார். கையைத் தோள்வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, எண்ணெய் பூசி, சாக்கை விரித்து மாட்டுக்குப் பின்னால் ஒருக்களித்துப் படுத்தார். நான் டோர்ச் பிடித்தேன். தலை பின்பக்கமாக மடங்கிக் கிடக்கிறது, கன்றை முதலில் உள்ளே தள்ளினால்தான் தலையைத் திருப்ப இடம் வரும் என்றார். மாடு முக்கும்போது கை எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் நசிபடும். அப்போது கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் கிடப்பார். முக்கல் விட்டதும் மறுபடி. ஆண்களின் கை தடிப்பு, அவ்வளவு உள்ளே போகாது என்று பெரிய டொக்டரே சொல்லியிருக்கிறார். முக்கால் மணி நேரம் இப்படியே போனது. "தாடை கிடைச்சிட்டு" என்று மெதுவாகச் சொன்னார். கயிற்றைத் தாடையில் மாட்டித் தலையைத் திருப்பி எடுத்த பிறகு நானும் பெரியவரும் சேர்ந்து இழுத்தோம்.

கன்று மூச்சு விடவில்லை. மிஸ் வாயில் இருந்த சளியை வழித்து எறிந்துவிட்டு, வைக்கோல் தும்பு ஒன்றை எடுத்து மூக்குக்குள் விட்டுக் குடைந்தார். ஒன்றுமில்லை. சாக்கால் நெஞ்சைத் தேய்த்தார். மறுபடி தும்பு. கன்று தும்மியது.

விடியத் தொழுகைக்குச் சுபஹு பாங்கு கேட்கிறபோது மிஸ் கிணற்றடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். பெரியவர் வாளியை அவரிடம் கொடுக்காமல் தானே இறைத்து ஊற்றினார். டவுனுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் என் பையில் மோதிரம் இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. திருப்பிக் கொடுத்தால் விரல் வீங்கியிருந்ததால் அவரால் போட முடியவில்லை. இரண்டு நாள் வலது கையால் பேனை பிடிக்கவில்லை.

மூன்றாமவர் சின்ன டொக்டர், கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களப் பெடியன். பேராதனையில் படிக்கிற காலத்தில் தமிழ்ப் பெடியன்களோடு இருந்து பழகிய தமிழ். "வயித்தால போகுதா? எத்தினை தரம்? தண்ணி குடிக்குதா?" என்பதெல்லாம் தண்ணிபட்ட பாடு, ஆனால் கடையில் பருப்பு வாங்கத் தமிழ் வராது, நோய் கேட்கத்தான் முதலில் படித்தேன் என்பார். அவருடைய இரவுகளில் பெரும்பாலும் நாய்க்குட்டிகள்தான். பார்வோ என்கிற நோய், இரத்தமாகக் கழியும், இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும். ஆறு, எட்டுக் கிழமையில் தொடங்கி நாலு மாதம்வரை தவணைக்குத் தடுப்பூசி போட்டிருந்தால் பெரும்பாலும் வராது. வந்துவிட்டால் சேலைனும் காவலும்தான். குட்டியின் கால் நரம்பு நூல் தடிப்புத்தான் இருக்கும், அதில் ஊசி ஏற்றிவிட்டு இரவு முழுவதும் துளியை எண்ணிக்கொண்டிருப்பார். குட்டி கிடந்த இடத்தை டெற்றோல் போட்டுக் கழுவினால் அந்தக் கிருமி சாகாது, குளோரின்தான் வேண்டும். மண்ணில் மாதக்கணக்காக உயிரோடிருக்கும். ஆகவே போன குட்டிக்குப் பதிலாக அடுத்த வாரமே இன்னொரு குட்டி கொண்டுவந்து அதே முற்றத்தில் விடாதீர்கள். இதை வாசிக்கிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூனைக்குக் காய்ச்சல் என்று அரைப் பனடோல் (பரசிற்றமோல்) கொடுப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அந்த மருந்தை முறிக்கப் பூனையின் ஈரலுக்கு ஏலாது. அந்த அரைக் குளிசையே கொன்றுவிடும்.

ஒரு இரவு ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது, கையை விட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்றார். நாயின் கீழ்த்தாடை தொங்குகிறது, எச்சில் வடிகிறது. சின்ன டொக்டர் இரண்டடி பின்னால் போனார். அவர் குரல் மாறியதை அன்றுதான் கேட்டேன். "யாரும் தொட வேண்டாம்." அது எலும்பு இல்லை, விசர், ரேபிஸ் என்கிற விசர்நாய் நோய். தாடை மரத்துத் தொங்குவது அதன் ஒரு வகை. வைத்தியர்கள் மூவரும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டவர்கள். நானும் அந்த மனுசரும் போடவில்லை. எங்கள் இருவரையும் குழாயடியில் நிறுத்திச் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் மணிக்கூடு பார்த்துக் கை கழுவ வைத்தார். அந்த நேரத்திலேயே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். நாய் செத்த பிறகு தலையை ஐஸில் வைத்துக் கொழும்புப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பினார்கள். விசர்தான் என்று முடிவு வந்தது. நான் இன்று உயிரோடு இருந்து இந்தக் கடிதத்தை எழுதுவது அந்தப் பெடியன் இரண்டடி பின்னால் போனதால்தான். அந்த நோய் வெளியே தெரிய வந்துவிட்டால் மனுசருக்கும் மருந்து இல்லை.

மான்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கோட்டைக்குள்ளும் மக்கெய்சர் மைதானத்தடியிலும் திரிகிற புள்ளிமான்கள் இரவில் வீதிக்கு வருகின்றன, வாகனத்தில் அடிபடுகின்றன, சோறு சுற்றுகிற லஞ்ச் ஷீட்டைத் தின்று வயிறடைத்துச் சாகின்றன. மான் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொந்தம், அவர்களுக்கு அறிவிக்காமல் வைத்தியர் கைவைக்க முடியாது. அவர்கள் வரும்வரை கண்ணைத் துணியால் மூடி, சனத்தை விலக்கி, சத்தம் இல்லாமல் வைத்திருப்பதுதான் வைத்தியம். பயத்திலேயே செத்துப்போகிற பிராணி அது. சனமோ சுற்றி நின்று ஃபோனில் படம் எடுக்கிறது. அந்த நேரம்தான் பெரிய டொக்டர் கத்திக் கண்டிருக்கிறேன்.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். பெரியாஸ்பத்திரியில் நாம் காசு கொடுப்பதில்லை. ஆகவே ஒரு சேலைன் போத்தல் என்ன விலை, ஒரு சோடி கையுறை என்ன விலை என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது. அந்தச் செலவை அரசாங்கம் தாங்குகிறது. இங்கே தாங்க ஒருவரும் இல்லை. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது மருந்து கிடைக்கவில்லை, கிடைத்ததும் பல மடங்கு விலை. எரிபொருளைப் பங்கிட்டுத் தந்த கியூ.ஆர். முறையில் என் ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோல்தான் தந்தார்கள், அதில் மூன்று லீற்றரை இவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். அந்த வருடம் மார்கழியில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் விறைத்துச் செத்தன. மூவரும் மூன்று நாள் உடுப்பு மாற்றவில்லை. அவர்களோடு படித்தவர்களில் பலர் அந்தக் காலத்தில் வெளிநாடு போய்விட்டார்கள். பெரிய டொக்டரின் மனைவி மட்டக்களப்பில் படிப்பிக்கிறார், பிள்ளையை டொக்டர் கிழமைக்கு ஒரு தடவைதான் பார்க்கிறார். போன வருடம் எலிக்காய்ச்சல் வந்து பத்து நாள் கிடந்தார். அதுவும் மாட்டுக் கொட்டிலில் இருந்து வந்ததுதான்.

இவையெல்லாவற்றையும்விடப் பாரமான வேலை ஒன்று இருக்கிறது. பாலையூற்றில் தனியே இருக்கிற ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் பதினான்கு வயது நாய். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. மிஸ்தான் ஊசி போட்டார். ரீச்சர் நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார், முடிந்த பிறகும் தடவிக்கொண்டே இருந்தார். மிஸ்ஸும் எழும்பவில்லை, பக்கத்திலேயே நிலத்தில் இருந்தார். ரீச்சரை வீட்டில் இறக்கிவிட்டு நான் திரும்பி வந்தபோது மிஸ் வாசல் படியில் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருக்கிறார். அப்போது பெட்டி ஒன்றோடு ஒரு சின்னப் பெடியன் தகப்பனோடு வந்தான். மிஸ் தேத்தண்ணியைப் படியில் வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன மகன், பெட்டிக்குள்ள யாரு?" என்று கேட்டார்.

கடிதம் எழுதியவர் சொன்னதில் ஒன்று நியாயம். கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதை நான் டொக்டர்மாரிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமையே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வாசலில் தொங்கவிட்டுவிட்டார்கள். இரவில் பார்ப்பதற்கு இவ்வளவு, சேலைனுக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கிறது.

அரசாங்கத்திடம் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. இந்த மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. அரச மிருக வைத்தியர்கள் பகல் முழுவதும் தடுப்பூசி, சினைப்படுத்தல், பண்ணைப் பரிசோதனை என்று அலைகிறார்கள். அவர்களையே இரவிலும் எழுப்பச் சொல்வது சரியில்லை. மாகாணக் கால்நடைத் திணைக்களம் இரவுக்கென்று தனியாக முறை போட்டு ஒரு வைத்தியரையும் ஒரு வாகனத்தையும் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் தர வேண்டும். இரவில் பெரிய சத்திரசிகிச்சை என்றால் பேராதனை மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்குத்தான் போகச் சொல்கிறார்கள். ஏறக்குறைய 180 கிலோமீற்றர். ஹபரணை தாண்டுவதற்குள் என் பின்சீற்றில் உயிர் போன நாய்கள் இரண்டு.

உங்கள் பத்திரிகையில் வந்த அந்தக் கடிதத்தை நான்தான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்று பிறகு நினைத்தேன். மூவரும் வாசித்தார்கள். ஆறாயிரம் பற்றி ஒருவரும் பேசவில்லை. கொப்பியை எடுத்து அது எந்த இரவு, எந்த நாய் என்று புரட்டினார்கள். இரண்டு நாய்களில் ஒன்றாக இருக்கலாம் என்று மிஸ் சொன்னார். ஒன்றை விடியமுன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், பிறகு திரும்பக் காட்டவில்லை. நாய் பிழைத்ததா என்று கடிதம் எழுதியவர் சொல்லவில்லை. தயவுசெய்து உங்கள் பத்திரிகை மூலமாகவாவது அறியத் தரச் சொல்லுங்கள். மிஸ் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

இப்படிக்கு,
ஆட்டோச் சாரதி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.